இருபத்தேழரை மணி நேர வியாழக்கிழமை

நவம்பர் 26, 2024, செவ்வாய் – கியோத்தோ, ஜப்பான்

நாளை மறுநாள் ஊர் திரும்புகிறோம். என் முழங்கால்கள் மட்டும் முன்கூட்டியே கிளம்பிவிட்டன. இன்று காலையிலிருந்து சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இத்தனை நாளில் நடந்த தூரத்தைத் தங்கையின் கைப்பேசி கணக்கு வைத்திருக்கிறது. எனக்குச் சொல்ல வேண்டாம் என்றேன். முப்பத்தோரு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் வேண்டாம் என்று சொன்ன முதல் கணக்கு அதுவாகத்தான் இருக்கும்.

காலையில் தோஃபுகு-ஜி கோயில். மேப்பிள் இலை சிவந்திருப்பதைப் பார்க்க அத்தனை கூட்டம். பள்ளத்தாக்கின் குறுக்கே ஒரு மரப்பாலம்; அதில் நின்றால் கீழே முழுக்கச் சிவப்பு. மகாமகக் குளத்தங்கரையில் வளர்ந்தவளுக்குக் கூட்டம் புதிதல்ல. ஆனால் இந்தக் கூட்டத்தில் சத்தமே இல்லை. முதல் இரண்டு நாள் இந்த அமைதி பிடித்திருந்தது. மூன்றாம் நாளிலிருந்து நானும் தங்கையும் கிசுகிசுவென்று பேச ஆரம்பித்துவிட்டோம். இன்று ஓட்டல் அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, சண்டையையும் அதே குரலில் போட்டோம். சண்டை போட்ட திருப்தியே இல்லை.

சண்டை சாப்பாட்டைப் பற்றி. இங்கே சைவம் என்பது நாம் நினைக்கிற மாதிரி இல்லை. மீன் துண்டு இலையில் கிடக்காது, அவ்வளவுதான். நூடுல்ஸ் மிதக்கிற சாறே காய்ந்த மீனைச் சீவிப் போட்டுக் கொதிக்கவைத்தது. இது எங்களுக்கு ஐந்தாம் நாள்தான் தெரிந்தது. அதற்குள் தங்கை நான்கு கிண்ணம் குடித்து, "ரசம் மாதிரி இருக்கிறது" என்று வீட்டுக்கும் செய்தி அனுப்பிவிட்டாள். இப்போது அதற்கு நான்தான் காரணம்.

அன்றிலிருந்து எங்கள் உயிரைக் காப்பாற்றுவது மூலைக்கடைகளில் விற்கும் ஒனிகிரி என்ற முக்கோணச் சோற்று உருண்டை. ஒன்று நூற்றைம்பது யென்னுக்கு முன்பின். நம் பணத்தில் எண்பது ரூபாய். நடுவில் உமேபோஷி என்று ஒன்று வைத்திருப்பதைப் பார்த்து எடுக்க வேண்டும். உப்பில் ஊறிக் காய்ந்த பழம். கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டால் நம் உப்பு நார்த்தங்காயின் ஒன்றுவிட்ட தங்கை. அந்த உருண்டையைச் சுற்றியிருக்கும் உறையில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கிறது. ஒன்றைப் பிடித்து நடுவே கிழிக்க வேண்டும். பிறகு இரண்டாம் மூலை, மூன்றாம் மூலை. சோற்றுக்கும் கடற்பாசித் தாளுக்கும் இடையில் இன்னொரு பிளாஸ்டிக் இருந்து, இழுக்கும்போது அதுவும் உருவிக்கொண்டு வந்துவிடும். சாப்பிடுகிற நொடி வரை தாள் நமுத்துப்போகாது. பத்தாம் வகுப்பில் வடிவியல் எடுக்கும்போது இது கையில் இருந்திருக்கலாம்.

உறையைப் போடத்தான் இடமில்லை. தெருவில் குப்பைத்தொட்டி கிடையாது. 1995-இல் தோக்கியோ சுரங்க ரயிலில் விஷவாயுத் தாக்குதல் நடந்த பிறகு பல இடங்களில் தொட்டிகளை எடுத்துவிட்டார்களாம். தொட்டி இல்லை, குப்பையும் இல்லை. அவரவர் குப்பை அவரவர் பையில்.

மாலை நகரப் பேருந்தில் இறங்கும்போது (இங்கே இறங்கும்போதுதான் காசு, நகரின் பெரும்பகுதிக்குள் எங்கே போனாலும் 230 யென்) தங்கையிடம் ஆயிரம் யென் தாள்தான் இருந்தது. ஓட்டுநர் சில்லறை இயந்திரத்தைக் காட்டினார். அவள் தாளைத் தப்பும் தவறுமாக நுழைத்தாள், அது துப்பியது, மறுபடி நுழைத்தாள். பின்னால் பதினைந்து பேர். ஒருவரும் உச்சுக் கொட்டவில்லை. அதுதான் அவளுக்கு அதிக வெட்கமாக இருந்ததாம்.

நவம்பர் 27, புதன் – நாரா

மான்கள் கும்பிடுகின்றன என்பது உண்மை. பிஸ்கட்டுக்காகத் தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி நிமிர்கின்றன. பிஸ்கட் தீர்ந்ததும் கும்பிடு போய்விடுகிறது. ஒன்று என் பையிலிருந்த ஊர் வரைபடத்தைப் பாதி தின்றுவிட்டது. மீதிப் பாதியில் ரயில் நிலையம் இருந்தது, பிழைத்தோம்.

தோதாய்-ஜி கோயிலின் வெண்கலப் புத்தருக்கு ஏறத்தாழ பதினைந்து மீட்டர் உயரம். 752-இல் இந்தச் சிலைக்குக் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. அவர் பிடித்த தூரிகையில் நீளமாகக் கயிறு கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பற்றிக்கொண்டார்களாம், கண் திறக்கும் புண்ணியத்தில் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு வரட்டும் என்று. சிலை இரண்டு முறை தீயில் சேதப்பட்டுச் செப்பனிடப்பட்டது, அவர் திறந்த கண் இப்போது இல்லை. போதிசேனர் ஊர் திரும்பவேயில்லை, இங்கேயே காலமானார். எனக்கு என்னவோ புத்தரைவிட அவரைப் பற்றிய நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் எதைச் சாப்பிட்டிருப்பார்? அந்தச் சாற்றை யாராவது சொல்லியிருப்பார்களா?

தங்கை சம்பந்தி வீட்டுக்கென்று இவ்வூர் ஊறுகாய் இரண்டு பாக்கெட் வாங்கினாள். நாராசுகே என்று பெயர். வெள்ளரி, பூசணி வகைக் காய்கள், சுத்த சைவம். கடையைத் தாண்டி நான்கு வீடு வந்த பிறகு கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தால், அதை ஊறப்போடுவது அரிசி மது வடித்த சக்கையில். திருப்பிக் கொடுக்க அவளுக்கு வாய் வரவில்லை. கடைக்காரம்மா வாசல் வரை வந்து குனிந்து வழியனுப்பியிருந்தார்.

நவம்பர் 28, வியாழன் – காலை, கான்சாய் விமான நிலையம்

ரயில் கடலுக்குள் ஓடியது. ஒசாகா விரிகுடாவில் மண்ணைக் கொட்டித் தீவு உண்டாக்கி, 1994 செப்டம்பரில் அதன் மேல் விமான நிலையத்தைத் திறந்தார்கள். அன்றிலிருந்து தீவு மெல்லத் தாழ்ந்துகொண்டே இருக்கிறது. இவர்களும் சுவர் எழுப்புவதும் தூண்களுக்கு அண்டை கொடுப்பதுமாக ஈடுகட்டிக்கொண்டே இருக்கிறார்கள். 2018 செப்டம்பரில் அடித்த புயலில் ஓடுபாதை மூழ்கியது. ஒரு எண்ணெய்க் கப்பல் வந்து மோதி இந்தப் பாலமே உடைந்தது. இதையெல்லாம் பாலத்தின் நடுவில் வைத்துத் தங்கைக்குச் சொன்னேன். "இறங்கிய பிறகு சொல்லக்கூடாதா?" என்றாள்.

கைப்பேசியில் ஊர்ச் செய்தி வேறு. டெல்டா முழுக்க மூன்று நாளாக மழை, சம்பா வயல்களில் தண்ணீர், வங்கக் கடலில் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். விமானம் இறங்குமா என்று தங்கை பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டாள். நான் என்ன வானிலை மையமா?

பெட்டி ஒன்றரைக் கிலோ கூடியது. கோயில்களில் வாங்கிய புத்தகங்கள் என் தோள்பைக்கு வந்தன. ஊறுகாய் பெட்டிக்குள்ளேயே இருந்தது. யார் எதை விட்டுக்கொடுத்தது என்று இதில் தெரிந்துகொள்ளலாம்.

விமானம் வாசலை விட்டு நகர்ந்தபோது சன்னல் வழியே பார்த்தேன். கீழே, பெட்டி ஏற்றிய தொழிலாளர்கள் நான்கு பேர், தலைக்கவசத்தோடு வரிசையாக நின்று குனிந்தார்கள். பிறகு இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்கள். நிறுத்தவில்லை. நாங்கள் வளைந்து திரும்பும் வரை ஆட்டினார்கள். அவர்களுக்கு எங்கள் முகம் தெரியாது. ஒரு நாளைக்கு இப்படி எத்தனை விமானமோ. நானும் கையை ஆட்டினேன். சன்னலுக்கு வெளியே தெரிந்திருக்காது.

அதே நாள் – பகல், வானில்

பக்கத்து இருக்கையில் ஒரு ஜப்பானியப் பெரியவர். உட்காரும்போது தலையைத் தாழ்த்தினார். ஏழு மணி நேரத்துக்குப் பக்கத்தில் அதுதான் எங்கள் பேச்சுவார்த்தை. என் பேனா கீழே விழுந்தபோது எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். இட்ட சாப்பாட்டை ஒரு பருக்கை விடாமல் உண்டு, மூடியை மூடி, பிளாஸ்டிக் கரண்டியை அதன் உறைக்குள்ளேயே திரும்பச் செருகி வைத்தார்.

கோட்டுப் பையில் கைவிட்டால் குப்பை. ஒனிகிரி உறை மூன்று, பேருந்துச் சீட்டு, மான் தின்ற வரைபடத்தின் மிச்சம், கசங்கிய கைக்குட்டைக் காகிதம். இத்தனை நாளாகக் கடலூரில் தைத்த இந்தக் கோட்டு என் குப்பைத்தொட்டியாக இருந்திருக்கிறது. விமானப் பணிப்பெண் பை நீட்டியபோது எல்லாவற்றையும் போட்டேன். வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டேன்.

யோசித்துப் பார்த்தால், நூற்றுக்கணக்கானவர்கள் எங்களுக்குக் குனிந்து வணங்கியிருக்கிறார்கள். ஒருவர் பெயரும் தெரியாது. ஒருவரும் எங்களிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்கவில்லை. தனி ஆளாக இருக்கிறீர்களே, கல்யாணம் ஆகவில்லையா என்று என்னிடம் யாரும் கேட்காமல் பத்து நாள் கழிந்தது என் வாழ்க்கையில் இதுவே முதல் தடவை. நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதி எத்தனை நாளுக்குத் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். விடை வருவதற்குள் தூங்கிவிட்டேன்.

ஒரு கணக்கு மட்டும் முடித்தேன். ஜப்பான் நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் மூன்றரை மணி வித்தியாசம். மேற்கே போகப் போக அது எங்களுக்குத் திரும்பக் கிடைக்கிறது. ஆக இந்த வியாழக்கிழமைக்கு இருபத்தேழரை மணி நேரம். தங்கையிடம் சொன்னேன். "அதிலும் மூன்றரை மணி நேரம் முழங்கால் வலிக்குமே" என்றாள்.

அதே நாள் – மாலை, கோலாலம்பூர்

இந்த விமான நிலையத்தை வடிவமைத்தவரும் ஒரு ஜப்பானியர்தான், கிஷோ குரோகாவா. 1998-இல் திறந்தது. கட்டடத்துக்கு நடுவே நிஜமான மரங்களோடு ஒரு சின்னக் காடு வைத்திருக்கிறார். கண்ணாடிக் கதவைத் திறந்ததும் புழுக்கம் முகத்தில் அப்பியது. மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தது. பத்து நாள் குளிருக்குப் பிறகு அந்தப் புழுக்கம் அவ்வளவு சொந்தமாக இருந்தது. இரண்டு நிமிடத்தில் அதுவும் போதும் என்று ஆகிவிட்டது.

உணவுக்கடையில் நின்றிருந்த பெண் எங்கள் முகத்தைப் பார்த்து, "பசியாறினீர்களா அம்மா?" என்றாள். தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு, ஆற்றி ஊற்றிய தே தாரிக். விமான நிலைய விலை, வெளியே இதில் பாதி கூட இருக்காது என்று அந்தப் பெண்ணே சொன்னாள். இரண்டு வாய் சாப்பிட்டதும் தங்கை சத்தமாக, மிகச் சத்தமாக, "குழம்பில் உப்பு பத்தவில்லை" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

என் கைக்கடிகாரத்தை மலேசிய நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன். அவள் மாற்ற மாட்டேன் என்றாள்; வீட்டுக்குப் போய் ஒரே தடவையாக மாற்றிக்கொள்வாளாம்.

அதே நாள் – இரவு, திருச்சி விமானம்

முந்தைய விமானத்துக்கும் இதற்கும் ஒற்றுமை, இரண்டுக்கும் இறக்கை இருந்தது.

ஏறக்குறைய எல்லோரும் வேலை பார்த்துத் திரும்புகிறவர்கள். தலைக்கு மேல் பெட்டி வைக்கும் இடம் பத்து நிமிடத்தில் நிரம்பி, வீடு கட்டும் இடம் போல ஒரே கூச்சல். "அண்ணே, கொஞ்சம் தள்ளுங்கள்", "அதை நசுக்காதீர்கள், உள்ளே பிஸ்கட்". என் பக்கத்து இருக்கைக்கு முப்பது முப்பத்திரண்டு வயதுத் தம்பி ஒருவர் வந்தார். உட்காரும் முன்பே, "அம்மா எந்த ஊர்?" என்றார். கும்பகோணம் என்றேன். அவர் மன்னார்குடிப் பக்கம். பெல்ட் மாட்டுவதற்குள் என் வேலை, ஓய்வு பெற்ற வருடம், தங்கையின் மகன் படிப்பு எல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது. "டீச்சருக்குப் பிள்ளைகள்?" என்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்றேன். "அதனால் என்ன, படித்த பிள்ளைகள் எல்லாம் உங்கள் பிள்ளைகள்தானே" என்றார். முப்பது வருடமாக எல்லோரும் சொல்கிற அதே வாக்கியம். வழக்கமாக எரிச்சல் வரும். இன்று ஏனோ வரவில்லை. எரிச்சல் படுவதற்குக்கூடப் பழக்கம் விட்டுப்போயிருந்தது போல.

கிள்ளானில் ஒரு உணவகத்தில் ரொட்டி போடுகிறார். இரண்டரை வருடம் கழித்து இப்போதுதான் ஊருக்கு. கிளம்பும்போது மனைவிக்கு ஐந்தாம் மாதம். பையனுக்கு இப்போது இரண்டு வயது முடிந்து இரண்டு மாதம். இன்னும் நேரில் பார்க்கவில்லை. "என்னைப் போனுக்குள் இருக்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான் டீச்சர். சோறு ஊட்டும்போது எனக்கும் ஒரு வாய் போனில் அப்புவான்."

ரொட்டி சானாயை எப்படி அவ்வளவு மெல்லிசாக இழுக்கிறீர்கள் என்று கேட்டேன். விமானத்தில் கொடுத்த காகிதக் கைக்குட்டையை விரித்து, முன்னால் இருந்த தட்டில் போட்டுக் காண்பித்தார். வலது கை மேலே, இடது கை கீழே. தூக்கி வீசுவதில்லை, மணிக்கட்டைச் சுழற்றி அறைவதுதான். மூன்றாவது அறையில் காகிதம் கிழியாமல் விசிறி போல விரிந்து படிந்தது. கையில் முழங்கை வரை சின்னச் சின்னச் சூட்டுத் தழும்புகள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நானூறு ரொட்டி போடுவாராம். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்து, "கிள்ளானில் எந்தக் கடை?" என்று கேட்க, அவர்கள் பேச்சு அங்கிருந்து எங்கெங்கோ போய்விட்டது.

இறங்குவதற்கு முன் இருபது நிமிடம் விமானம் தூக்கித் தூக்கிப் போட்டது. வெளியே மின்னல். இரைச்சல் அடங்கியது. பின்னாலிருந்து "மாரியாத்தா" என்று ஒரு குரல். சக்கரம் தரையைத் தொட்டதும் கைதட்டல். அடுத்த நொடியே பாதிப்பேர் எழுந்து பெட்டியை இழுக்க ஆரம்பித்தார்கள். உட்காருங்கள், உட்காருங்கள் என்று பணிப்பெண் கத்தினாள். இதை என்னால் நியாயப்படுத்த முடியாது. வகுப்பறையாக இருந்திருந்தால் அத்தனை பேரையும் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

புதிய முனையம் நன்றாக இருக்கிறது, திருவரங்கத்துக் கோபுரத்தை நினைவூட்டுகிற வண்ணங்களோடு. பெட்டி வரும் பெல்ட் அருகே நின்றபோது மணி பன்னிரண்டு அடித்தது. ஒருவழியாக வியாழக்கிழமை முடிந்தது. மன்னார்குடித் தம்பி எங்களை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு, எங்கள் பெட்டிகளையும் தன்னுடையதையும் அவரே இழுத்துப்போட்டு, தள்ளுவண்டியில் அடுக்கிக் கொடுத்தார். நன்றி என்று சொல்லிக் குனிந்தேன், நிஜமாகவே இடுப்பு வரை. அவர் பதறிப்போய், "ஐயோ, என்ன டீச்சர் இது" என்றார்.

நவம்பர் 29, வெள்ளி – கும்பகோணம்

வாடகைக் கார் 3,500 ரூபாய், மழைக்கு 300 கூடுதல். தஞ்சாவூர் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் தண்ணீர் கார் விளக்கில் மின்னியது. தவளைச் சத்தம் சன்னலை மூடிய பிறகும் கேட்டது. விடியற்காலை மூன்று மணிக்கு வீடு. தங்கை இரவு உடையை எடுக்க எண் பூட்டைத் திருகினாள். திறக்கவில்லை. என் பிறந்த வருடம், அவள் பிறந்த வருடம், அப்பாவின் பழைய ஸ்கூட்டர் எண், எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. "கடைசியாக நீதான் பூட்டினாய்", "நீதான்". பத்து நாளாக அடக்கி வைத்த சண்டையை அப்போது முழுக் குரலில் போட்டோம். எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது.

அப்போதுதான் பெட்டியிலிருந்து வந்த வாசனை மூக்கில் ஏறியது. கோடாலித் தைலம்.

கறுப்புப் பெட்டி, கைப்பிடியில் சிவப்பு. எங்களுடையதில் ரிப்பன், இதில் இருந்தது சிவப்புத் துணிக் கிழிசல். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் மார்க்கர் பேனாவால் ஊர்ப் பெயரும் ஒரு கைப்பேசி எண்ணும்.

காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டேன். அவர் மனைவி எடுத்தார். திருச்சிக்கே வந்து கணவரோடு சமயபுரத்தில் இருக்கிறாராம், முடிகாணிக்கை. பெட்டி மாறியதே அவர்களுக்குத் தெரியாது. பின்னால் குழந்தை அழுவது கேட்டது. மழை குறையட்டும், நானே கொண்டுவருகிறேன் என்று தம்பி வாங்கிப் பேசினார். எங்கள் பெட்டியைத் திறக்கவில்லை என்று மூன்று தடவை சொன்னார். நாங்களும் திறக்கவில்லை என்று மூன்று தடவை சொன்னேன். ஐந்து எண் போட்டுப் பார்த்ததைச் சொல்லவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு – கும்பகோணம்

நேற்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. இங்கே இன்று தூறல்தான்.

பத்தரை மணிக்கு வாசலில் ஒரு மொட்டைத் தலை. யாரோ நன்கொடைக்கு வந்திருக்கிறார் என்று, "வீட்டில் யாரும் இல்லை" என்றேன். "டீச்சர், நான்தான்" என்றார். பின்னால் குடையோடு மனைவி, அவர் இடுப்பில் இன்னொரு மொட்டை.

"மொட்டை போட்டதிலிருந்து இவன் என்னிடம் வருவதில்லை. போனில் இருந்தவருக்கு முடி இருந்ததாம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

திண்ணையில் வைத்தே பெட்டியைத் திறந்தார். போர்வை, மைலோ, சோப்புக் கட்டிகள், தைலப் பாட்டில்கள். அடியில், துணிக்குள் சுற்றி, ஒரு பொம்மை ரயில். தங்கைக்கு ஒரு தைலப் பாட்டிலை நீட்டினார். அவள் பதிலுக்கு ஊறுகாயை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாளோ என்று எனக்குப் பயம். நல்லவேளை, ஜப்பான் மிட்டாய் டப்பாவைத்தான் கொடுத்தாள்.

ரயிலுக்கு பேட்டரி இல்லை. குழந்தை அம்மாவின் தோளிலிருந்து ஒரு கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். கூடத்துச் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி அதிலிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். சரியாகப் பொருந்தியது. ரயில் திண்ணையின் நீளத்துக்கும் ஓடி, தூண் அருகே மொட்டைத் தலைக்காரரின் காலில் முட்டி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அதை எடுத்து வரக் குழந்தை இறங்கிப் போனான்.

இட்லி சாப்பிட்டுவிட்டு ஒரு மணிப் பேருந்துக்குக் கிளம்பினார்கள். பேட்டரியைக் கழற்றித் தரப் பார்த்தார், வேண்டாம் என்றேன். இப்போது தங்கையின் கைக்கடிகாரம் இன்னும் ஜப்பானில் இருக்கிறது. கூடத்தில் மணி பத்து ஐம்பது. மழை விட்டதும் கடைக்குப் போக வேண்டும்.